கேரம் காய் வடிவில் சுகர் குக்கி: விளையாட்டு இரவுக்கான செய்முறை

நண்பர்கள் வார இறுதியில் வீட்டில் கூடிக் கேரமோ ரம்மியோ ஆடும் இரவுகளில் தட்டில் என்ன வைப்பது என்பது எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகத் தீராத சிக்கலாக இருந்தது. பஜ்ஜி தின்ற விரல் பட்டால் சீட்டுகள் எண்ணெய் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிக்சர் வைத்தால் காராபூந்தி கேரம் போர்டில் உருண்டு, குழிக்குப் போகவேண்டிய காய் அதன்மேல் மோதித் திசைமாறும். கேக் என்றால் தட்டும் கரண்டியும் வேண்டும், ஆடுபவருக்கு அதற்குக் கை ஒழியாது. இரண்டே கடியில் முடிகிற, உதிராத, விரலில் பிசுக்கோ சாயமோ விடாத ஒன்றுதான் இந்த வேளைக்குப் பொருந்தும் என்று புரிந்த பிறகு நான் சுகர் குக்கிக்கு வந்து சேர்ந்தேன். அதையே கேரம் காயாகவும் பகடையாகவும் சீட்டுச் சின்னங்களாகவும் வெட்டி அலங்கரிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். அலங்காரம் எத்தனை அழகாக இருந்தாலும், தின்றவர் கையைத் துடைக்காமல் அடுத்த சீட்டை உருவ முடிகிறதா என்பதே இதில் என் அளவுகோல்.

சுகர் குக்கி அமெரிக்க வீடுகளில், குறிப்பாகக் கிறிஸ்துமஸ் காலத்தில், செய்யப்படும் பிஸ்கட். பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய மொராவிய கிறிஸ்தவர்கள் செய்த வட்ட பிஸ்கட்டை அதன் மூதாதை என்று அங்கே சொல்வார்கள். நம் பேக்கரிகளில் கிடைக்கும் நான்கட்டாய் அடுப்பில் மலர்ந்து, மேலே வெடிப்பு விடுவதே அதற்கு அழகு. அலங்கரிக்கப் போகும் சுகர் குக்கிக்கு அதற்கு நேர்மாறான குணம் வேண்டும்: வெட்டிய வடிவம் இம்மியும் மாறாமல், மேற்பரப்பு மேசைபோலத் தட்டையாக வெந்து வரவேண்டும். ஆகவே பேக்கிங் பவுடர் சேர்க்கும் செய்முறைகள் பல இருந்தாலும், நான் அதை அறவே விட்டுவிடுகிறேன்.

எவற்றைச் செய்யப்போகிறோம்

ஒரு கேரம் செட்டில் கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1 என 19 காய்கள் உண்டு. உண்மையான காயின் விட்டம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த அளவில் குக்கி செய்தால் ஓரம் கருகி, நடுவில் அலங்கரிக்க இடமும் இருக்காது என்பதால் 5 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டுகிறோம்.

கேரம் காயை ஒருமுறை கையில் எடுத்து உற்றுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நாம் வெள்ளை என்று சொல்லும் காய் உண்மையில் வெள்ளை அல்ல. சாயம் ஏறாத மரத்தின் வெளிர்நிறம் அது. இளம்பொன்னாக வெந்த குக்கியின் நிறமும் ஏறத்தாழ அதுவேதான். ஆகவே வெள்ளைக் காய்க்கு மேற்பூச்சே தேவையில்லை. வளையக் கோடுகள் இரண்டு போட்டால் போதும். கறுப்புக் காய்க்கும் அப்படியே கோகோ கலந்த மாவைப் பயன்படுத்தினால், தின்றவர் பல்லையும் நாக்கையும் கறுப்பாக்கும் கறுப்பு ஐசிங்கிலிருந்து தப்பலாம். மேல் முழுவதும் ஐசிங் நிரப்பிய குக்கி ஒன்றைத் தின்றாலே திகட்டும்; வளையம் மட்டும் போட்டதை நாலைந்து தின்னலாம். ஒரு முழு இரவு ஆடப்போகும் கூட்டத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல.

காய்களோடு 5 சென்டிமீட்டர் சதுரத்தில் பகடை முகங்கள் 10, சீட்டுச் சின்னங்களில் ஆட்டின், டைமன் வடிவங்கள் 8, இஸ்பேட், கிளாவர் வடிவங்கள் 8 என மொத்தம் 45 குக்கிகள் கிடைக்கும்படி அளவு தந்திருக்கிறேன். இஸ்பேடும் கிளாவரும் கறுப்புச் சின்னங்கள் என்பதால் அவற்றுக்கும் கோகோ மாவே ஆகும். ஆறேழு பேருக்கு இது தாராளம்.

தேவையானவை

மைதா 330 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 20 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், சலித்த சர்க்கரைப் பொடி 150 கிராம், முட்டை 1, வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். ஐசிங்குக்கு ஐசிங் சுகர் 300 கிராம், மெரிங் பவுடர் 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 50 முதல் 60 மில்லி, சிவப்பு ஜெல் கலர் சிறிதளவு, கோகோ பவுடர் 1 டேபிள்ஸ்பூன். கப் அளவில் மைதாவை அள்ளினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எடை வரும் என்பதால், சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது. அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன உப்பை விட்டுவிடவேண்டும். வீட்டில் கடைந்த வெண்ணெய் வேண்டாம். அதில் தங்கியிருக்கும் நீரின் அளவு கடைதலுக்குக் கடைதல் மாறுவதால், மாவு ஒருநாள் இளகும், மறுநாள் உதிரும். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதிலாகக் குளிர்ந்த பால் 3 டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். குக்கி சற்றுக் கூடுதலாக மொறுமொறுக்கும், வேறு குறை இல்லை. ஆனால் மெரிங் பவுடர் உலர்த்திய முட்டை வெள்ளைக்கருவால் ஆனது என்பதை அவர்கள் மறக்கக்கூடாது. அவர்களுக்கு ஐசிங் சுகரைப் பாலிலும் ஒரு டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸிலும் குழைத்த பூச்சு ஏற்றது. முட்டை வெள்ளைக்கருவோடு சர்க்கரையை அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் அளவுக்குக் கெட்டிப்படாது என்றாலும் மேலே ஏடு கட்டும். பச்சை வெள்ளைக்கருவைக் கொண்டும் ராயல் ஐசிங் செய்யலாம் என்று பழைய செய்முறைகள் சொல்லும். வேகாத முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதாலும், இந்தக் குக்கிகள் சில நாள் வெளியில் இருக்கப் போவதாலும், நான் மெரிங் பவுடரைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறம் வாங்கும்போது பொட்டலத்தில் உணவு உரிம எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை விதித்தார்கள் என்பது நினைவிருக்கலாம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பளபளக்கும் ரோஸ் பொடியைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

மாவு

சென்னை போன்ற ஊரில் இந்தச் செய்முறையின் முதல் எதிரி வெப்பம். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டும்போது உருகத் தொடங்கிவிடும். சித்திரை மாதத்தில் நம் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். ‘வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும்’ என்று குளிர்நாட்டார் எழுதுவது 20 டிகிரி அறையை மனத்தில் வைத்து. நாம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டுகளாக நறுக்கி, பத்து நிமிடம் மட்டும் வெளியில் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும்; விரல் வழுக்கி உள்ளே போனால் அது கூடுதலாக இளகிவிட்டது, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கவேண்டும்.

வெண்ணெயையும் சர்க்கரைப் பொடியையும் உப்பையும் சேர்த்து, சர்க்கரை தனியாகத் தெரியாமல் மறையும்வரை, ஒன்றரை நிமிடம் மட்டும் குழைக்கவேண்டும். கேக்குக்குச் செய்வதுபோல வெளுத்து நுரைக்கும்வரை அடித்தால் உள்ளே புகுந்த காற்று அடுப்பில் விரிந்து, குக்கி உப்பி, ஓரம் பரவிவிடும். பிறகு முட்டையையும் வெனிலாவையும் சேர்த்துக் கலக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் கலவை திரிந்ததுபோலத் தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை, மைதா விழுந்ததும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது கலவை ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். அதில் 130 கிராமை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி, 95 கிராம் மைதாவும் 20 கிராம் கோகோவும் சலித்துச் சேர்த்தால் கறுப்பு மாவு ஆயிற்று. எஞ்சிய கலவையில் மீதி 235 கிராம் மைதாவைச் சேர்த்தால் வெள்ளை மாவு. சப்பாத்தி மாவைப்போலப் பிசைந்துவிடக்கூடாது. பிசையப் பிசைய மைதாவில் இழுவை கூடி, குக்கி வேகும்போது சுருங்கும், சதுரம் சதுரமாக இராது. உலர்மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் கையை எடுத்துவிடவேண்டும். கோகோ மாவு சற்று வறண்டு உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் பால் தெளிக்கலாம்.

மாவை உருண்டையாகக் குளிரவைத்துவிட்டுப் பிறகு தேய்ப்பதே வழக்கம் என்றாலும், கல்லாகிப்போன உருண்டையோடு மல்லுக்கட்டிக் கை ஓய்ந்த பிறகு நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். மாவு மெத்தென்று இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, அந்தத் தாள்களோடே தட்டில் கிடத்தி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். தாளுக்கு நடுவே தேய்ப்பதால் மேல்மாவு தூவவேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுச் சப்பாத்திக் கட்டை பெரும்பாலும் நடுவில் பருத்து ஓரங்களில் மெலிந்திருக்கும். அது சப்பாத்தியை வட்டமாகத் திருப்புவதற்கென்றே அமைந்த வடிவம், குக்கிக்கு உதவாது. நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் மாவு வந்தால், ஒரே தட்டில் பாதி கருகும், பாதி வேகாது. சீரான உருளைக் கட்டை இல்லையென்றால் நேரான கண்ணாடி பாட்டிலைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம். மாவின் இருபுறமும் ஒரே தடிமனுள்ள மர ஸ்கேல்களை 6 மில்லிமீட்டர் உயரம் வரும்படி அடுக்கி, கட்டை அவற்றின்மேல் உருளும்படி செய்தால் தடிமன் தானாகவே அமைந்துவிடும்.

வெட்டுதலும் வேகவைத்தலும்

5 சென்டிமீட்டர் வட்டத்துக்குத் தனி அச்சு வாங்கவேண்டியதில்லை. விளிம்பு மெல்லிதான சிறிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் வாயை ஸ்கேலால் அளந்து பார்த்தால் போதும். சதுரத்தைக் கத்தியாலும் ஸ்கேலாலும் வெட்டலாம். சீட்டுச் சின்னங்களுக்குக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, மாவின்மேல் வைத்துக் கூரிய கத்தியின் நுனியால் சுற்றி வரவேண்டும். இஸ்பேடுக்கும் கிளாவருக்கும் காம்பை ஒல்லியாக வைத்தால் தட்டிலிருந்து எடுக்கும்போதே முறிந்துவிடும். ஒரு சென்டிமீட்டராவது அகலம் இருக்கட்டும்.

வட்டங்களை வெட்டியதும், குடிநீர் பாட்டிலின் மூடியை எடுத்து ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்ல அழுத்தி ஒரு வளையத் தடம் பதித்துவிடவேண்டும். ஆழமாக அழுத்தக்கூடாது, தடம் தெரிந்தால் போதும். வெந்த பிறகும் இந்தத் தடம் மங்கலாக நிற்கும். ஐசிங் வளையம் போடும்போது கண் அளவை நம்பாமல் இதன்மேலேயே கையை ஓட்டலாம். இந்த ஒரு தந்திரத்தைக் கண்டுகொள்ளும்வரை என் காய்களின் வளையங்கள் முட்டை வடிவத்தில்தான் வந்துகொண்டிருந்தன.

வெட்டிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி 15 நிமிடம் ஃப்ரீசரில் வைக்கவேண்டும். அதற்குள் ஓடிஜி எனப்படும் சிறிய மின்அடுப்பை 175 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி, முழுதாக 15 நிமிடம் சூடேற்றிவிடவேண்டும். உறைந்த விளிம்பு வெண்ணெய் இளகுமுன்பே வெந்து இறுகிவிடும் என்பதால் வடிவம் கூர்மையாக நிற்கும். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் 165 டிகிரியில் வைக்கலாம், விசிறிக்காற்று வேகமாக வேகவைக்கும். வட்டங்கள் ஒரு தட்டு, சின்னங்கள் ஒரு தட்டு என்று பிரித்து வைப்பது நல்லது. இஸ்பேடின் கூர்முனை வட்டத்தைவிட இரண்டு நிமிடம் முன்னதாகவே சிவந்துவிடும்.

6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 11 முதல் 12 நிமிடம் ஆகும். எட்டாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பிவைக்கவேண்டும், ஏனெனில் சிறிய ஓடிஜிகளில் பின்பக்கம் எப்போதும் சூடு கூடுதல். ஈரமான மினுமினுப்பு மறைந்து மேற்பரப்பு மங்கலாகி, அடி விளிம்பில் மட்டும் பொன்னிறம் ஓடத் தொடங்கினால் எடுத்துவிடலாம். நடுவில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். ஆற ஆற இறுகும். கோகோ குக்கியில் நிறத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. விளிம்பைத் தொட்டால் உறுதியாகவும் மினுமினுப்பு இல்லாமலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சாக்லேட் மணம் காந்தலாக மாறும்வரை காத்திருந்தால் கைவிட்டுப் போயிற்று என்று பொருள். எங்காவது மேடு தட்டியிருந்தால், வெளியில் எடுத்த சூட்டோடு தோசைத் திருப்பியின் தட்டையான பகுதியால் லேசாக அழுத்திவிடலாம். ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடவேண்டும். வெதுவெதுப்பு சிறிதும் இருந்தால் வெண்ணெய் மேலேறி ஐசிங்கில் எண்ணெய்த் திட்டாகத் தெரியும்.

ஐசிங்

ராயல் ஐசிங்குக்கு எண்ணெய்ப் பசை ஆகாது. ஒரு சொட்டு இருந்தாலும் முட்டை வெள்ளைக்கரு நுரைக்காமல் கூழாகவே நிற்கும். பிளாஸ்டிக் பாத்திரம் எத்தனை தேய்த்தாலும் பிசுக்கை விடாது. எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து, எலுமிச்சை மூடியால் உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடங்கவேண்டும். வீட்டு மிக்ஸியில் அரைத்த சர்க்கரை குக்கிக்குப் போதும், ஐசிங்குக்குப் போதாது. அதிலுள்ள குருணை, ஐசிங் பிழியும் கூம்பின் துளையில் வந்து அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் ஐசிங் சுகரையும் ஒருமுறை நுண்சல்லடையில் சலித்துக்கொள்வது நல்லது.

மெரிங் பவுடரை 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐசிங் சுகரைச் சேர்த்து, பீட்டரின் குறைந்த வேகத்தில் ஏழெட்டு நிமிடம் அடிக்கவேண்டும். மினுமினுப்பு அடங்கி, தூக்கினால் முனை நிமிர்ந்து நுனி மட்டும் லேசாக வளையும் நிலை வளையங்களுக்கும் விளிம்புக் கோடுகளுக்கும் ஏற்றது. இதில் பாதியை எடுத்துக் கால் டீஸ்பூன் கால் டீஸ்பூனாகத் தண்ணீர் விட்டு இளக்கவேண்டும். கத்தியால் நடுவில் ஒரு கோடு கிழித்து, மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள்: 15 எண்ணுவதற்குள் கோடு மறைந்து பரப்பு சமமானால், பகடை முகத்தை நிரப்ப ஏற்ற பதம். பத்துக்கு முன்பே மறைந்தால் கூடுதலாக நீர்த்துவிட்டது, விளிம்பைத் தாண்டி வழியும். கொஞ்சம் ஐசிங் சுகர் சேர்த்துச் சரிசெய்யலாம். வேலை நடக்கும்போது பாத்திரத்தை எப்போதும் ஈரத்துணியால் மூடி வைக்கவேண்டும், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மேலே பொருக்குக் கட்டிவிடும்.

கெட்டி ஐசிங்கில் ஒரு பகுதியைப் பிரித்துக் கோகோ பவுடரைச் சலித்துச் சேர்த்தால் பகடைப் புள்ளிகளுக்கான பழுப்பு நிறம் கிடைக்கும். கோகோவில் சிறிது கொழுப்பு உண்டு என்பதால், நன்றாக அடித்து முடித்த ஐசிங்கில்தான் கடைசியாகச் சேர்க்கவேண்டும். இன்னொரு சிறு பகுதியில் சிவப்பு ஜெல்லைப் பல்குச்சியின் நுனியால் தொட்டுச் சேர்க்கவேண்டும். சிவப்பு கலந்ததும் ரோஸாகத்தான் இருக்கும். ஜெல்லைக் கொட்டிக்கொண்டே போகாமல், மூடி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் தானே ஆழ்ந்திருக்கும். ஜெல் மிகுந்தால் கசப்பு ஏறுவதோடு, ஐசிங் இறுகவும் இறுகாது.

பைப்பிங் பை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் தாளை மருதாணிக் கூம்பு போலச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளலாம். மருதாணிக் கூம்பு பிடித்துப் பழகிய தங்கையோ அக்காவோ வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே அறிவுடைமை. முனையைக் கொஞ்சமாக, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டவேண்டும்.

வளையம் போடும் குக்கியை ஒரு டப்பா மூடியின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பின் முனை குக்கியைத் தொடக்கூடாது. கோலம் போடும்போது மாவு விரலிடுக்கிலிருந்து விழுவதுபோல, ஐசிங் இழை ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கித் தடத்தில் படியவேண்டும். வலக்கை அசையாமல் நிற்க, இடக்கை மூடியை மெல்லச் சுழற்றினால் வட்டம் வட்டமாகவே வரும். முனையைக் குக்கியில் அழுத்தி இழுத்தால் கோடு நடுங்கும். கறுப்புக் காய்க்கும் வெள்ளைக் காய்க்கும் வெளி விளிம்பையொட்டி ஒரு வளையம், பாட்டில் மூடித் தடத்தில் ஒரு வளையம் போதும். வெளிர் குக்கியில் வெள்ளைக் கோடு எடுபடவில்லை என்று தோன்றினால் கோகோ ஐசிங்கால் போடலாம். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஒரே ஒரு சிவப்புக் காயை மட்டும் மேல் முழுவதும் சிவப்பு ஐசிங்கால் நிரப்பவேண்டும்.

பகடை முகத்துக்கு முதலில் கெட்டி ஐசிங்கால் விளிம்புக் கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்து இளகிய வெள்ளையை நடுவில் விட்டு, பல்குச்சியால் நான்கு மூலைகளுக்கும் தள்ளிவிடவேண்டும். மேலெழும் குமிழிகளை உடனே ஊசியால் குத்திவிடவேண்டும். காய்ந்தபின் குத்தினால் பள்ளமாகவே நிற்கும். ஈரம் இருக்கும்போதே புள்ளி வைத்தால் அது பரப்போடு சமமாக அமிழும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அடர்நிறம் வெள்ளைக்குள் கசிந்து, புள்ளியைச் சுற்றிப் புகைபோலப் படரும். இரண்டு மணி நேரம் காயவிட்டு, மேலே கெட்டிப் புள்ளியாக வைப்பதே நம் ஊருக்கு ஏற்றது. பகடையின் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 என்பதால், ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் சோடியாக வருமாறு செய்தால் தட்டில் அடுக்க நன்றாக இருக்கும். ஆட்டினுக்கும் டைமனுக்கும் வெள்ளை நிரப்பி, காய்ந்தபின் விளிம்பில் மட்டும் சிவப்புக் கோடு இழுக்கவேண்டும்; முழுச்சிவப்பாக நிரப்பினால் சாயம் மிகும். இஸ்பேடுக்கும் கிளாவருக்கும் கோகோ குக்கியின்மேல் ஒரு வெள்ளை விளிம்பு போதும்.

காயவைத்தல்

வளையங்கள் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். நிரப்பிய பகடைகளுக்கும் சின்னங்களுக்கும் மின்விசிறியின் அடியில் குறைந்தது 10 முதல் 12 மணி நேரம் வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். ஏசி அறை இருந்தால் அங்கே வைப்பது மிகச் சிறந்தது, ஏனெனில் ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காயவைக்கிறேன் என்று ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஓர் ஐப்பசி மழையில் நான் அதைச் செய்தேன். வெளியே எடுத்த சில நிமிடங்களில் குக்கிகளின்மேல் பனி பூத்து, சிவப்பு கரைந்து வெள்ளையில் ஓடியது. நண்பர்கள் அதையும் விடாமல் தின்றுகொண்டே ரம்மி ஆடினார்கள். எங்கள் சீட்டுக்கட்டில் இஸ்பேட் ராஜாவின் முதுகில் இன்றும் ஒரு சிவப்புப் பெருவிரல் ரேகை இருப்பதால், அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

காய்ந்ததா என்பதை அறிய, ஓரத்தில் இருக்கும் ஒரு குக்கியை விரல்நுனியால் பக்கவாட்டில் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறமும் குக்கியில் தடமும் இல்லையென்றால் தயார். இந்தக் கணக்கின்படி சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால், வியாழன் மாலை மாவு தேய்த்து வேகவைத்து, வெள்ளி மாலை ஐசிங் போட்டு, இரவு முழுவதும் காயவிடவேண்டும். காய்ந்தவற்றை அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பத்து நாள் வரை கெடாது.

பரிமாறும் இடம்

கேரம் போர்டின்மேலேயே குக்கிகளைக் காய்களாக அடுக்கிப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயத்தின் ஊரான சென்னையில் அந்த ஆசை இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் வேண்டாம். போர்டில் தூவும் பவுடர் பல வீடுகளில் போரிக் பவுடர். அது வயிற்றுக்குள் போகக்கூடிய பொருள் அல்ல. படம் வேண்டுமென்றால் போர்டை நன்றாகத் துடைத்து, பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் வைக்கலாம். ஆட்டத்தின்போது தட்டு தனி ஸ்டூலில், போர்டிலிருந்து ஒரு கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்ட்ரைக்கரை அடிப்பதும் வலக்கை, நம் வழக்கப்படி தின்பதும் வலக்கை. பவுடர் படிந்த அதே விரல் வாய்க்குப் போகும். ஆகவே ஒரு போர்டு முடிந்து காய்களை மறுபடி அடுக்கும் இடைவெளியில், கையைக் கழுவிவிட்டு வந்து தின்பது என்று தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. சீட்டாட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆடிக்கொண்டே தின்னலாம்.

சிவப்புக் காய் தட்டில் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதற்குச் சண்டை வரும். எங்கள் வீட்டில் அதற்கு விதி உண்டு. முதல் போர்டில் ரெட் என்னும் சிவப்புக் காயைக் குழியில் போட்டு, அடுத்த அடியிலேயே ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட்டவருக்குத்தான் அது. ஃபாலோ தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்புவதுபோல, குக்கியும் தட்டுக்கே திரும்பிவிடும்.